ராமநாதபுரம் மாவட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேசுவரத்துக்கு வருகிறவர்கள், வேலை மாற்றலாகி வருகிறவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், வெளியூரில் பிறந்து பூர்வீகத்தைத் தேடுகிறவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. தண்ணீர் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அதனால் அந்தப் பதில்கள் நீண்டுவிட்டன.

மாவட்டம் எங்கே இருக்கிறது? எல்லைகள் எவை?

மதுரையிலிருந்து ராமேசுவரம் சாலையில் மானாமதுரையைத் தாண்டிப் பார்த்திபனூர் வந்துவிட்டால் முகவை, அதாவது ராமநாதபுரம் மண். வடக்கே சிவகங்கையும் புதுக்கோட்டையும், மேற்கே விருதுநகர், தென்மேற்கே தூத்துக்குடி. மற்ற இரண்டு பக்கமும் கடல். மலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. தரை மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிந்துகொண்டே போகும். இந்தச் சரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கண்மாய்க் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது.

ராமநாதபுரம், ராமேசுவரம், பரமக்குடி, கீழக்கரை, கமுதி, முதுகுளத்தூர், கடலாடி, திருவாடானை, ராஜசிங்கமங்கலம் என 9 வட்டங்கள். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 13.5 லட்சம்.

ராமநாதபுரமும் ராமேசுவரமும் ஒன்றா?

இல்லை. ராமநாதபுரம் மாவட்டத் தலைநகர். உள்ளூரில் 'ராம்நாடு' என்றும் சொல்வோம். ராமேசுவரம் பாம்பன் தீவில் இருக்கும் கோயில் ஊர். இரண்டுக்கும் நடுவில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தூரம், இடையில் கடல், அதன்மேல் பாலம். விடுதி பதிவு செய்யும்போது பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பழைய ராமநாதபுரம் மாவட்டம் ரொம்பப் பெரியதாமே?

ஆமாம். 1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து சில பகுதிகளைப் பிரித்து உண்டாக்கினார்கள். சிவகாசியும் ஸ்ரீவில்லிபுத்தூரும் காரைக்குடியும்கூட அன்றைக்கு ராமநாதபுரம் மாவட்டம்தான். ஆட்சியர் அலுவலகமோ நெடுங்காலம் மதுரையில் இருந்தது. சாயல்குடிக்காரர் ஒருவர் மனுக் கொடுக்க மதுரைக்குப் போக வேண்டும்! 1985-இல் மூன்றாகப் பிரித்தார்கள்: இன்றைய ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர். தாத்தா பாட்டி காலத்துப் பத்திரத்தில் 'ராமநாதபுரம் ஜில்லா' என்று இருந்தால், ஊர் இந்த மூன்றில் எதிலும் இருக்கலாம். வட்டத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

'தண்ணியில்லாக் காடு' என்கிறார்களே, அது உண்மையா?

'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திப்புடுவேன்' என்று அதிகாரிகளை மிரட்டும்போது அந்தக் காடு எங்கள் மாவட்டம்தான். சினிமா வசனமாகவே ஆகிவிட்டது.

மழைக் கணக்கைப் பார்த்தால் வேறு கதை தெரியும். ஆண்டுச் சராசரி 820 மில்லிமீட்டரை ஒட்டி வரும். கோயம்புத்தூருக்கும் தூத்துக்குடிக்கும் கிடைப்பதைவிட இது அதிகம். ஆனால் அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். மீதி மாதங்களில் வெயில்தான். தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையோடு நின்றுவிடுகிறது. எங்களுக்கு வருவது வெறும் காற்று. வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. கடலோரமாகக் கிணறு தோண்டினால் பெரும்பாலும் உப்புத்தான்.

ஆக, மழை பெய்யாத ஊர் என்பதைவிட, பெய்த மழையைப் பிடித்து வைக்காவிட்டால் பிழைக்க முடியாத ஊர் என்பதே சரி. முன்னோர் பிடித்து வைத்தார்கள். நாம் கோட்டை விட்டோம்.

கண்மாய்கள் எப்படி வேலை செய்கின்றன?

தரை கிழக்கே சரிகிறது என்று சொன்னேனல்லவா? அந்தச் சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் மண்கரை போட்டால் ஓடிவரும் மழைநீர் தேங்கும். அதுதான் கண்மாய். கரையில் மடைகள் இருக்கும். அவற்றின் வழியே வயலுக்குத் தண்ணீர் போகும். நிறைந்த பிறகு மிஞ்சும் தண்ணீர் கரையை உடைத்துவிடாமல் வெளியேறக் கலுங்கு என்று கல்லால் கட்டி வைத்திருப்பார்கள். மேல் ஊர்க் கண்மாயின் கலுங்கு வழிந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்து. அது நிறைந்தால் அதற்கும் கீழே. இப்படிச் சங்கிலியாகப் போய்க் கடைசிக் கண்மாயும் நிறைந்த பிறகே கடலுக்கு. மாவட்டத்தில் சிறிதும் பெரிதுமாக 1,500-க்கு மேல் கண்மாய்கள் உண்டு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நடுவில் ஒரு ஊர் வரத்துக்காலை மறித்து வீட்டுமனை போட்டால் அந்த ஊருக்கு மட்டும் நட்டம் இல்லை. கீழே இருக்கும் அத்தனை ஊரும் காயும். பழைய காலத்தில் குடிமராமத்து என்று ஊரே கூடித் தூர் வாரியதற்கும், கலுங்கின் உயரத்தைக் கூட்டினால் ஊருக்கு ஊர் சண்டை வந்ததற்கும் இதுதான் காரணம். இப்போது தூர் வாருவது ஒப்பந்தக்காரர் வேலை. வண்டல் அள்ளுவதற்குப் பதில் சவடு மண் அள்ளி விற்பதும் நடக்கிறது. தரையைக் கிண்டி ஆழமாக்கிவிட்டால் தண்ணீர் மடை மட்டத்துக்கே ஏறாது என்பது உள்ளூர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்பார் இல்லை.

'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' எது?

ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய். 'ஆர்.எஸ்.மங்கலம்' என்று பேருந்துப் பலகையில் இருக்கும். ஒரு கரையிலிருந்து கிளம்பிய நாரையால் ஒரே மூச்சில் மறுகரைக்குப் பறக்க முடியாது, அவ்வளவு அகலம் என்பது பேச்சு. தமிழ்நாட்டின் மிகப்பெரிய ஏரிகளில் ஒன்று. நிறைந்திருக்கும்போது கரைமேல் நின்றால் எதிர்க்கரை தெரியாது. கோடையில் வந்தால் அதே இடத்தில் ஆடு மேயும். இரண்டு முறை வந்து பார்த்தால்தான் இந்த மாவட்டம் புரியும்.

வைகை கடலில் கலக்கிறதா?

நேராகக் கலப்பதில்லை. பார்த்திபனூர் மதகணையில் வைகையைப் பிரித்து இருபுறமும் கால்வாய்களில் விட்டுக் கண்மாய்களுக்கு அனுப்புகிறார்கள். மிச்சம் வருவது ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் முடிகிறது. அதுவும் நிறைந்து வழிந்தால் ஆற்றங்கரை என்ற ஊர் அருகே பாக் நீரிணையைச் சேரும். கடலுக்கு ஒரு சொட்டும் வீணாக்காத ஆறு என்று புலவர்கள் புகழ்ந்ததும் இதையே.

வைகை அணையின் பூர்வீகப் பாசனப் பங்கில் 12-க்கு 7 ராமநாதபுரத்துக்கு உரியது. தாளில் அப்படி. ஆற்றின் வாலில் இருக்கிறவனுக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் மணல் குடித்துவிடும், வழியில் இருப்பவர்களும் குடித்துவிடுவார்கள். ஆண்டுதோறும் 'எங்கள் பங்கைத் திறந்து விடுங்கள்' என்று கேட்பது இங்கே ஒரு சடங்கு.

குடிதண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள்?

முன்பு ஊருணி. ஊருக்கு ஒதுக்கமாக, ஆடு மாடு இறங்காதபடி காத்து, மழைநீரை மட்டும் தேக்கிய குளம். அதில் குளிக்கக்கூடாது, துணி துவைக்கக்கூடாது. இப்போது காவிரி. திருச்சி அருகே எடுத்து, குழாயிலேயே பல மாவட்டம் கடந்து வருகிறது. குழாய் உடைந்தால், மின்சாரம் போனால், வழியில் திருடினால், கடைசி ஊருக்கு வராது. உள்ளூர்க் குழாயில் வருவது உவர்ப்பாக இருந்தால் புழங்குவதற்கு மட்டும்.

கடலாடி, முதுகுளத்தூர்ப் பக்கம் போனால் ஒரு வண்டியைப் பார்ப்பீர்கள். நான்கு சின்னச் சக்கரம், மேலே இரும்புச் சட்டம், அதில் குடங்கள் ஆடாமல் உட்கார அளவெடுத்து வைத்த கட்டங்கள். பிளாஸ்டிக் குடங்களை அடுக்கி, வாயில் தண்ணீர் தளும்பாமல் மூடி போட்டு, பெண்கள் தள்ளிக்கொண்டு போவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையும் ஒரு கை பிடிக்கும். வீட்டு வாசலில் இரு சக்கர வண்டி இருக்கிறதோ இல்லையோ, இந்தத் தள்ளுவண்டி இருக்கும். மாவட்டத்தைப் பற்றி ஒரே ஒரு படம் போட வேண்டும் என்றால் நான் பாம்பன் பாலத்தைப் போட மாட்டேன், இதைப் போடுவேன்.

கடலுக்குள் நல்ல தண்ணீர் ஊறுகிறது என்பது கட்டுக்கதையா?

நிஜம். தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டித் தீர்த்தம் என்று கடலுக்குள் ஒரு கிணறு. சுற்றிலும் உப்புநீர், கிணற்றுக்குள் நல்ல தண்ணீர். ராமர் வில்லை ஊன்றியதால் வந்தது என்பது தலபுராணம். தனுஷ்கோடியில் இன்னும் எளிது. இரண்டு பக்கமும் கடல் இருக்கும் மணல்திட்டில் மீனவர்கள் கையால் சில அடி தோண்டுவார்கள். ஊற்று வரும். கொட்டாங்கச்சியில் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். மணலில் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட இலேசானது, அதனால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். எவ்வளவு அள்ளலாம் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சீமைக்கருவேலத்தை ஏன் அடியோடு வெட்டக்கூடாது?

வெட்டத்தான் வேண்டும் என்று 2017-இல் உயர் நீதிமன்றமே முனைந்தது. ஆனால் விறகுப் பஞ்சம் தீர வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து தூவிய விதை, நிலம் தரிசானதும் கண்மாய்க்குள்ளேயும் புகுந்துவிட்டது. வேர் ஆழம் போகும், வெட்டினால் மறுபடி துளிர்க்கும், ஆடு தின்ற நெற்று புழுக்கையோடு புது இடத்தில் முளைக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. மழை பொய்த்த வருடம் இந்த மரம்தான் சோறு போட்டது. வெட்டிய கட்டைகளைக் குவித்து, மேலே இலைதழையும் ஈரமண்ணும் போட்டு மூடி, சின்னத் துவாரம் விட்டு நாள் கணக்கில் புகையவிட்டால் கரி. 'மூட்டம் போடுறது' என்போம். லாரி லாரியாக வெளியூர் போகும். விவசாயத்தைக் கெடுத்த மரமும், விவசாயம் கெட்டபின் கூலி கொடுத்த மரமும் ஒன்றே. கண்மாய்க்குள்ளும் வரத்துக்காலிலும் இருப்பதை முதலில் எடுக்கலாம், பட்டா நிலத்தில் இருப்பதை மாற்றுப் பயிர் தந்துவிட்டு எடுக்கலாம் என்பது என் கட்சி.

இங்கே என்ன விளைகிறது?

நெல், மிளகாய், பருத்தி, கம்பு, கேழ்வரகு, பயறு வகை. தென்னை கடலோரம். சாயல்குடி, கடலாடிப் பக்கம் பனை.

நெல் என்றதும் நாற்று நடும் காட்சியை நினைக்காதீர்கள். இங்கே புழுதி விதைப்பு. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணை உழுது விதையைத் தூவிவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். மழை வந்து முளைத்தபின் கண்மாய்த் தண்ணீர் கைகொடுக்கும். தை, மாசியில் அறுவடை. முளைத்த பிறகு மழை ஒதுங்கினால் கருகும், கதிர் முற்றும் நேரத்தில் அடைமழை வந்தால் சாயும். திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் நெல் நன்றாக வரும்.

முண்டு மிளகாய்க்கு என்ன தனிச்சிறப்பு?

நாங்கள் குண்டு மிளகாய், குண்டு வத்தல் என்போம். நீளமாக இருக்காது, உருண்டையாக, தோல் தடிப்பாக, காய்ந்தபின் குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் போடும். எண்ணெயில் போட்டால் மணம் தூக்கும். சாம்பார்த் தாளிப்பிலும் மோர்க்குழம்பிலும் முழுசாகப் போடுவது இதுதான். பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி, கடலாடிக் கரிசலிலும் உவர்மண்ணிலும் அதிகத் தண்ணீர் கேட்காமல் வருகிறது. மாசி முதல் சித்திரை வரை களத்திலும் சாலையோரத்திலும் சிவப்பாகப் பரப்பிக் காயவைத்திருப்பார்கள். அந்த நேரம் ஒரு கோடைமழை வந்துவிட்டால் வெள்ளைப் பொட்டு விழுந்து விலை பாதியாகிவிடும்.

2023-இல் 'ராமநாதபுரம் முண்டு மிளகாய்'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்தது. விலையை இன்றும் கமிஷன் மண்டிதான் சொல்கிறது.

'ஆண் கடல்', 'பெண் கடல்' என்றால்?

தனுஷ்கோடி மணலில் நின்று தெற்கே பார்த்தால் மன்னார் வளைகுடா. அலை அடித்துக்கொண்டே இருக்கும், அது ஆண் கடல். அப்படியே திரும்பி வடக்கே பார்த்தால் பாக் நீரிணை, குளம் மாதிரி கிடக்கும், அது பெண் கடல். காற்று மாறும் மாதங்களில் இந்தக் குணமும் இடம் மாறும். பாக் நீரிணை ஆழம் குறைந்த சேற்றுக்கடல், இறாலும் நண்டும் அதிகம். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை, சங்கு, முத்துச்சிப்பி. இந்தப் பகுதிச் சங்கு வங்காளத்துக்குப் போய் அங்கே கல்யாணப் பெண்ணின் கையில் வளையலாக ஏறியது பல நூற்றாண்டு வியாபாரம்.

மீனவர் பிரச்சினை ஏன் தீரவில்லை?

சுருக்கமாகச் சொல்ல முடியாதது. பாக் நீரிணை குறுகலானது. சர்வதேச எல்லைக் கோடு பக்கத்திலேயே இருக்கிறது. 1974 உடன்படிக்கையில் கச்சத்தீவு இலங்கையின் பக்கம் போனது, 1976-இல் மன்னார் வளைகுடாவிலும் எல்லை வரையறுத்தார்கள். கோடு கடலில் தெரிவதில்லை. மீன் எங்கே இருக்கிறதோ அங்கே படகு போகும். போனால் கைது, படகு பறிமுதல், சில நேரம் உயிரே போயிருக்கிறது.

இதில் பேசப்படாத பாதி ஒன்று. நம் விசைப்படகுகளின் இழுவைமடி வலை கடலடியையே வாரிக்கொண்டு வருகிறது என்பது யாழ்ப்பாணம், மன்னார்த் தமிழ் மீனவர்களின் புகார். அவர்கள் போர் முடிந்து மறுபடி கடலுக்கு வந்தவர்கள். நம் நாட்டுப்படகுக்காரர்களும் அதையே சொல்கிறார்கள். அதனால்தான் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை வைத்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது ராமேசுவரம் வந்தால் துறைமுகம் நிறையப் படகு நிற்கும், சந்தையில் மீன் விலை ஏறியிருக்கும்.

கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்கு ஆண்டுக்கொரு முறை இரு நாட்டவரும் போகலாம். ராமேசுவரத்திலிருந்து பெயர் பதிவு செய்து படகில் கூட்டிப்போவார்கள்.

கடலில் பெண்களுக்கு வேலை உண்டா?

கருவாடு போடுவது, மீன் விற்பது தவிர, பாசி எடுப்பது. பாம்பன், சின்னப்பாலம், மண்டபம், ஏர்வாடிப் பக்கத்துப் பெண்கள் தீவுகளை ஒட்டி முங்கிப் பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பறிப்பார்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றிக் கட்டியிருப்பார்கள், கண்ணில் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மரிக்கொழுந்துப் பாசிக்கு விலை அதிகம். அதிலிருந்து அகர் எடுக்கிறார்கள். கட்டக்கோரைப் பாசி மலிவு. 1986-இல் இந்த 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து தலைமுறையாகப் போன இடத்துக்குப் போவதே வனத்துறையோடு தகராறு. கயிற்றிலும் மூங்கில் மிதவையிலும் பாசி வளர்ப்பது ஒரு மாற்றாக வந்திருக்கிறது.

பாம்பன் பாலம் எத்தனை?

மூன்று. முதல் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24-இல் திறந்தது. கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து இருபக்கமும் எழும்பும். ஊழியர்கள் நின்று கையாலேயே சுற்றித்தான் திறப்பார்கள். துருப்பிடிக்கும் உப்புக்காற்றில் நூறாண்டுக்கு மேல் உழைத்தது. 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. இரண்டாவது, 1988-இல் வந்த சாலைப் பாலம். அதுவரை தீவுக்குக் காரோ பேருந்தோ ஓட்டிப் போக முடியாது. மூன்றாவது, 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய ரயில் பாலம். இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகும்.

சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். காற்று ஆளைத் தள்ளும், பின்னால் பேருந்து நிற்கும்.

தனுஷ்கோடியில் என்ன நடந்தது?

1964 வரை அது உயிருள்ள துறைமுகம். சென்னை எழும்பூரில் ரயிலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் பிடித்துத் தலைமன்னார் போய், அங்கே ரயிலேறிக் கொழும்பு. 'போட் மெயில்' என்ற பெயர் பழைய தலைமுறைக்கு நினைவிருக்கும். இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர்களை மண்டபம் முகாமில் தங்கவைத்து நோய் சோதித்து அனுப்பினார்கள். பின்னாளில் இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர்கள் தங்கியதும் அதே மண்டபத்தில்தான்.

1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் அலையில் போனது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் யாரும் பிழைக்கவில்லை. ஊர் முழுதும் அழிந்து, வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. சேதமான பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தவர் பின்னாளில் டெல்லி மெட்ரோவால் பெயர் பெற்ற இ. ஸ்ரீதரன். தேவாலயச் சுவரும் ரயில் நிலையத் தூண்களும் இன்றும் நிற்கின்றன. சுவரெல்லாம் பவளக்கல். 2017-இலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. முனையில் கடலில் இறங்க வேண்டாம், இரண்டு கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் இழுக்கும்.

சேதுபதிகள் யார்?

ராமர் பாலமான சேதுவைக் காக்கும் பொறுப்பேற்ற மறவர் மன்னர்கள். 1605-ஐ ஒட்டி மதுரை நாயக்கர் அங்கீகாரத்தோடு தலைதூக்கினார்கள். கிழவன் சேதுபதி தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றினார். முத்துராமலிங்க சேதுபதியை 1795-இல் கும்பினி பதவியிலிருந்து இறக்கிச் சிறைவைத்தது. சிறையிலேயே 1809-இல் இறந்தார். அவருக்காக 1799-இல் கிளர்ச்சி செய்தவர் சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைகாரர். வேலு நாச்சியார் பிறந்ததும் இந்த அரண்மனையில்தான். பாஸ்கர சேதுபதி, விவேகானந்தரைச் சிகாகோ போக ஊக்கியவர். 1897 ஜனவரியில் சுவாமிகள் திரும்பி வந்து காலடி வைத்தது பாம்பனில்.

ராமலிங்க விலாசத்தைப் பார்க்காமல் போகாதீர்கள். சுவர், கூரை, தூண் எங்கும் 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். தஞ்சை மராத்தியரோடு சண்டை, ஐரோப்பியரைச் சந்திக்கும் சேதுபதி, ராமாயணம், அந்தப்புரம் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். கோயிலுக்கு வரும் கூட்டத்தில் நூறில் ஒருவர்கூட இங்கே இறங்குவதில்லை என்று நினைக்கிறேன்.

ராமேசுவரம் தவிர வேறு கோயில்கள்?

ராமேசுவரம் மூன்றாம் பிராகாரத்தின் 1,212 தூண்களும் 22 தீர்த்தங்களும் எல்லாருக்கும் தெரியும். மணலும் பவளப்பாறையுமான தீவில் கருங்கல்லே கிடையாது, அத்தனை கல்லும் வெளியிலிருந்து வந்தது என்பதை நினைத்துக்கொண்டு நடந்து பாருங்கள்.

'மண் முந்தியோ மங்கை முந்தியோ' என்று சொல்லப்படும் உத்தரகோசமங்கையில் மரகத நடராசர். ஆண்டு முழுதும் சந்தனக்காப்பில் இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் சந்தனம் களைந்து தரிசனம். சிவனுக்கு ஆகாத தாழம்பூ இங்கே ஆகும். திருப்புல்லாணியில் தருப்பைப் புல்லில் படுத்த ராமர். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்கள்.

முஸ்லிம், கிறித்தவப் பாரம்பரியம்?

கீழக்கரை பழைய வணிகத் துறைமுகம். திராவிடக் கோயில் மண்டபம் போலவே கல்தூண் வைத்துக் கட்டிய பள்ளிவாசல் அங்கே உண்டு. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்ற வள்ளல் இவ்வூர்க்காரர். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவு தந்தவர். ஏர்வாடி தர்கா சந்தனக்கூட்டுக்கு எல்லா மதத்தாரும் வருவார்கள். 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றில் தீப்பிடித்துச் சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகு நாட்டின் மனநலக் காப்பகங்கள் மீது உச்ச நீதிமன்றத்தின் கண் விழுந்தது.

ஓரியூரில் அருளானந்தர் எனப்படும் ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4-இல் தலை வெட்டப்பட்டார். அங்கத்திய செம்மண்ணைப் பக்தர்கள் எடுத்துப் போவார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முந்தியது அழகன்குளம். வைகை முகத்துவாரத்தை ஒட்டிய இந்தச் சிற்றூரில் தோண்டியபோது ரோமானிய ஓடுகளும் காசுகளும், கப்பல் கீறிய பானைத்துண்டும் கிடைத்தன.

வேலைவாய்ப்பு எப்படி?

பெரிய ஆலைகள் குறைவு. பரமக்குடியிலும் வைகைக்கு அக்கரை எமனேசுவரத்திலும் சௌராட்டிரர் கைத்தறி. மாரியூர், வாலிநோக்கத்தில் அரசு உப்புக் கழகம். வழுதூரில் இங்கே கிடைக்கும் எரிவாயுவில் ஓடும் மின் நிலையம். கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம், சுமார் 2,500 ஏக்கரில். வெயிலை மட்டும் கேட்கும் தொழில் என்பதால் இந்த மண்ணுக்குப் பொருத்தம்தான். ஆனால் கட்டி முடித்தபின் ஆள் அதிகம் வேண்டாத தொழில். மற்றபடி படித்தவனும் படிக்காதவனும் சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா. பல ஊர்களில் நல்ல வீடுகளைக் கட்டியது வெளியூர்ப் பணம்.

எப்போது வரலாம்?

தை, மாசி. கண்மாய் நிறைந்து, வெயில் தணிந்து, சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் சரணாலயங்களில் கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டியிருக்கும். நான்குமே உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ளவை. மழை குறைந்த ஆண்டில் பறவையும் குறையும். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறைப் படகு உண்டு. செப்டம்பர் 11 இமானுவேல் சேகரன் நினைவு நாளிலும், அக்டோபர் இறுதியில் பசும்பொன் குருபூசையின்போதும் சாலைகளை மாற்றிவிடுவார்கள், போலீஸ் கெடுபிடி இருக்கும். அந்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள்.

அப்துல் கலாம் நினைவிடம் தீவில் பேய்க்கரும்பில் இருக்கிறது. ராமேசுவரம் போகும் வழியிலேயே பார்த்துவிடலாம்.

ஊருக்குத் திரும்பும்போது என்ன வாங்கலாம்?

குண்டு வத்தல், சாயல்குடிக் கருப்பட்டி, கீழக்கரைத் தொதல். தொதல் தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் இனிப்பும் போட்டு மணிக்கணக்கில் கிண்டுவது, எண்ணெய் கசியக் கசிய இருந்தால் நல்ல சரக்கு. கருவாடு வாங்கினால் நன்றாகக் காய்ந்ததா என்று வளைத்துப் பாருங்கள், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கோபிக்காதபடி இரண்டு பை போட்டுக் கட்டச் சொல்லுங்கள். சோழி மாலை, சிப்பி பொம்மை வாங்கலாம். பவளப்பாறைத் துண்டையும் கடல் அட்டையையும் யார் தந்தாலும் தொடாதீர்கள். இரண்டும் வனவிலங்குச் சட்டத்தில் வருகின்றன, பிடிபட்டால் வழக்கு.